பயிற்றுவிப்பாளரின் ஊதியமும் அணியின் வெற்றியும்

கல்லூரி அணியின் பயிற்றுவிப்பாளருக்குக் கொடுக்கும் பணத்தையும் அந்த அணி பெறும் வெற்றியையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்க இரண்டு இடங்கள் வசதியானவை. ஒன்று அமெரிக்காவின் லூசியானா மாநிலம். மற்றது இலங்கையில் மட்டக்களப்பு வாவி சூழ்ந்த புளியந்தீவு.

லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியை 2019 பருவத்தில் எட் ஓர்ஜெரோன் பயிற்றுவித்தார். பெயர் கால்பந்து என்றாலும் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம் அது. அவருடைய ஆண்டு ஊதியம் சுமார் 4 மில்லியன் டொலர். அணி ஆடிய 15 ஆட்டங்களையும் வென்று தேசிய சம்பியனானது. மகிழ்ந்துபோன நிர்வாகம் ஆறு ஆண்டுகளுக்கு 42 மில்லியன் டொலர் தருவதாகப் புதிய ஒப்பந்தம் எழுதியது. அடுத்த பருவத்தில் ஐந்து வெற்றி, ஐந்து தோல்வி. 2021இல் ஏறத்தாழ 17 மில்லியன் டொலர் கொடுத்து அவருக்கு விடைகொடுத்தார்கள். அடுத்து வந்த பிரையன் கெலிக்குப் பத்து ஆண்டுக்கு 95 மில்லியன் டொலர் பேசப்பட்டது. 34 வெற்றி, 14 தோல்வி என்ற கணக்கோடு 2025 ஒக்டோபரில் அவரும் நீக்கப்பட்டார். ஒப்பந்தப்படி அவருக்குச் சேர வேண்டிய மீதி சுமார் 54 மில்லியன். அந்த மீதியை மட்டும் 34 வெற்றிகளுக்குப் பங்கிட்டாலும் ஒரு வெற்றிக்கு ஒன்றரை மில்லியன் டொலருக்கு மேல் வருகிறது. 2019இல் ஊதியக் கணக்கில் ஒரு வெற்றியின் விலை மூன்று இலட்சம் டொலருக்கும் குறைவு. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023இல் தன் பயிற்றுவிப்பாளர் ஜிம்போ ஃபிஷரை அனுப்பியபோது ஏற்ற கடன் இன்னும் பெரியது: சுமார் 76 மில்லியன்.

பெரிய ஊதியம் வெற்றியை உறுதிசெய்வதில்லை என்பதற்கு எதிர்ச்சான்றாக நிக் சேபனைக் காட்டுவதுண்டு. அலபாமாப் பல்கலைக்கழகத்தில் 2007 முதல் 2023 பருவம் வரை பணியாற்றி ஆறு தேசியப் பட்டங்கள் வென்றவர் அவர். அவருக்குக் கொடுத்த பணம் வீண் என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆயினும் ஒரு சேபனைக் கண்டு பல பல்கலைக்கழகங்கள் தத்தம் பயிற்றுவிப்பாளருக்கும் பெரிய விலையை வைத்தன. ஓர் ஆட்டத்தில் ஓர் அணி வென்றால் மற்றது தோற்றாக வேண்டும். எல்லோரும் ஊதியத்தை உயர்த்தினாலும் மொத்த வெற்றிகள் கூடுவதில்லை. பணக்கார அணிகள் அதிகம் வெல்வது உண்மைதான். ஆனால் அதே பணம் நல்ல வீரர்களையும் வசதிகளையும் சேர்க்கிறது. அவற்றிலிருந்து பயிற்றுவிப்பாளரின் பங்கைப் பிரித்தெடுப்பது எளிதன்று. பயிற்றுவிப்பாளரை மாற்றுவதன் பயனை அட்லர், பெரி, டொஹெர்ட்டி ஆகிய மூவர் ஆராய்ந்து 2013இல் முடிவுகளை வெளியிட்டனர். மிக மோசமான அணிகளுக்கு அந்த மாற்றத்தால் பெரிய பயன் இல்லை. நடுத்தர அணிகளோ பயிற்றுவிப்பாளரை மாற்றாத ஒத்த அணிகளைவிட மோசமாக ஆடின.

ஊதியம் இவ்வளவு உயர்ந்ததற்குக் காரணம் ஆடுகளத்துக்கு வெளியே இருக்கிறது. 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கல்லூரி ஆட்டங்களின் தொலைக்காட்சி உரிமையை ஒற்றைச் சங்கத்தின் பிடியிலிருந்து விடுவித்தது. பணம் பெருகியது. வீரர்களுக்குக் கூலி கொடுக்கத் தடை இருந்தது. இலாபப் பங்கு கேட்கப் பங்குதாரர் எவருமில்லை. வந்த பணம் பயிற்றுவிப்பாளர்களிடமும் கட்டடங்களிலும் போய்ச் சேர்ந்தது. மாணவர்கள் ஆடி ஈட்டியதில் ஒரு பகுதியே அந்த ஊதியம் என்பதில் ஐயமில்லை. வருமானத்தை வீரர்களோடு நேரடியாகப் பகிர 2025இல்தான் வழி பிறந்தது.

அதே லூசியானாவின் ஜென்னிங்ஸ் நகரில் 1923இல் பிறந்தவர் யூஜின் ஹெபர்ட் அடிகளார். இயேசு சபைத் துறவியாக 1948இல் இலங்கை வந்தார். திருகோணமலையிலும் மட்டக்களப்புப் புளியந்தீவின் புனித மிக்கேல் கல்லூரியிலும் கூடைப்பந்தாட்டம் பயிற்றுவித்தார். அக்கல்லூரி கூடைப்பந்தில் நாடறிந்த பெயர் பெற்றதில் அவர் பங்கு பெரிது. ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்த துறவிக்குத் தனிச் சம்பளம் கிடையாது. ஊதியத்தை வெற்றியால் வகுத்தால் விடை பூச்சியம். இந்தப் பூச்சியம் ஆளை ஏமாற்றும். உணவும் உறைவிடமும் சபை கொடுத்தது; நாற்பது ஆண்டு உழைப்பை அவர் கொடுத்தார். ஒப்பந்தம் முடிந்து கிளம்பும் கவலையோ வேறிடத்து விலைப் பேச்சோ அவருக்கு இல்லை. பையன்களைச் சிறுவயதிலிருந்து பார்த்து வளர்க்கும் நீண்ட காலம்தான் அவர் கையிலிருந்த முதல். 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி, போர்க்காலத்தில், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் அவரும் உடன்சென்ற இளைஞரும் காணாமற்போயினர்.

அத்தகைய துறவிகளை நம்பி இன்று ஒரு பாடசாலையும் அணி அமைக்க முடியாது. உடற்கல்வி ஆசிரியரின் சம்பளம் இலங்கை ஆசிரியர் சேவையின் படிநிலைப்படி வருகிறது. அணி வென்றாலும் தோற்றாலும் அது மாறாது. பாடசாலை விட்ட பின் மைதானத்தில் நிற்கும் நேரம் பெரும்பாலும் இலவசம். வெளியிலிருந்து ஒருவரை அழைத்தால் பழைய மாணவர் சங்கம் கைகொடுக்க வேண்டும். கொழும்புக்கு அணியை அழைத்துச் செல்லும் பேருந்துச் செலவும் அதே பையிலிருந்துதான். லூசியானாவின் கோளாறு மிகை ஊதியம் என்றால் மட்டக்களப்பின் கோளாறு ஊதியமே இல்லாத உழைப்பு. அது ஆளைச் சோர்த்து விரட்டும். விரட்டியபின் தொடர்ச்சி அறும். பெருந்தொகை வேண்டாம், ஒரே பயிற்றுவிப்பாளர் ஒரு தலைமுறை மாணவரோடு நிற்கப் போதுமான, தவறாது வரும் கொடுப்பனவு வேண்டும்.

எவ்வளவு என்பதை ஊகத்தால் சொல்ல முடியாது. வாவிக் கரைப் பாடசாலைகளின் விளையாட்டுச் செலவேடுகளையும் பழைய மாணவர் சங்கக் கணக்குகளையும் ஆய்வாளர்கள் திரட்ட வேண்டும். கிண்ணம் வாங்கிய ஆண்டுகளோடு தோற்ற ஆண்டுகளின் கணக்கையும் விடாமல் சேர்க்க வேண்டும்.