துடைத்ததைத் துடைப்பவர் யார்?

(வீட்டுப் பொருள்களைப் பேணிக் காப்பதில் விஞ்சி நிற்பவர்கள் ஆண்களா? பெண்களா? – ‘பெண்களே’ அணியில் பேசியது)

நடுவர் ஐயா அவர்களே! அடுப்படியைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு இங்கே வந்திருக்கிற தாய்மார்களே!

எதிரணி அண்ணன் சொன்னார், “ஞாயிற்றுக்கிழமை காலையில எந்த வாசல்ல பார்த்தாலும் வண்டி துடைக்கிறது ஆம்பளைதான்”னு. நான் மறுக்கவே இல்லீங்க ஐயா. துடைக்கிறது அவங்கதான். துடைச்சதைத் துடைக்கிறது யாரு? அதுதான் என் கேள்வி! (கைதட்டல்)

எங்க வீட்டில் ஒரு பழைய மாருதி 800 இருந்தது. சிவப்பு வண்டி, கறுப்பு பம்பர். 2009-ல் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. பணம் கட்டப் பத்து நாள் கெடு. வண்டியை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தோம். என் வீட்டுக்காரர் ஒரு டப்பா வாக்ஸ் பாலிஷ் வாங்கி வந்து, உச்சி வெயிலில் வண்டியை நிறுத்தி, எண்ணெய்க் குளியல் மாதிரி தேய் தேயென்று தேய்த்தார். பெயிண்ட் கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு, பொய் சொல்லக் கூடாது. ஆனா பம்பரிலும் கதவுப் பட்டையிலும் பட்ட பாலிஷ் காய்ந்து, திருநீறு பூசின மாதிரி திட்டுத் திட்டா வெள்ளை! (சிரிப்பு)

பெயிண்ட் வழவழப்பு, துடைத்தால் வந்துவிடும். அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் சொரசொரப்பு. அதன் குழிக்குள்ளே மெழுகு போய் உட்கார்ந்துகொண்டது. ஈரத்துணியால் துடைத்தார். ஈரம் இருக்கிறவரைக்கும் கறுப்பு. “பார்த்தியா?” என்றார். காய்ந்ததும் மறுபடி வெள்ளை. மெழுகு தண்ணீருக்கு மசியுமா ஐயா?

மறுநாள் வண்டி பார்க்க வந்தவர் ஒரு மெக்கானிக்கையும் கூட்டி வந்தார். அவர் நேரே பட்டையைத்தான் பார்த்தார். “அடிபட்டு மறுபடி பெயிண்ட் அடிச்ச வண்டிங்களா? தெறிச்சிருக்கே!” அடிபடாத வண்டிக்கு அடிபட்ட விலை! 15,000 ரூபாய் குறைத்துக் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்கள். அந்தப் பணம் மகளுடைய விடுதிக் கட்டணம் ஐயா. அன்னைக்கு ராத்திரி அவர் சாப்பிடலை. “நான் வேணா அடுத்த வருஷம் சேர்ந்துக்கிறேம்ப்பா”ன்னு அவ சொன்னா. எனக்குத் தூக்கமே வரலை.

காலையில் பார்த்தால் அவர் கையில் பெட்ரோல் பாட்டில்! பிடுங்கி வைத்தேன். பெட்ரோல் பட்டால் ரப்பர் ஊதிப் போகும், பிளாஸ்டிக் வெளுக்கும், ஒரு பொறி விழுந்தால் வண்டியோடு ஆளும் போவார். தின்னர் இன்னும் மோசம், பிளாஸ்டிக்கையே இளக்கிவிடும்.

பலாப்பழம் அரிந்த கையை எதில் கழுவுவீங்க தாய்மார்களே? முதலில் எண்ணெய்தானே! பாலுக்குத் தண்ணீர் மசியாது, எண்ணெய் மசியும். மெழுகும் அந்த ஜாதிதான். தேங்காய் எண்ணெயைக் கொஞ்சம் தடவிப் பத்து நிமிஷம் விட்டேன். பழைய பல் தேய்க்கிற பிரஷ், மெதுவானது, அதால் பிளாஸ்டிக்கின் வரி போகிற போக்கிலேயே தேய்த்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திர சோப்பைக் கரைத்து இரண்டு தடவை கழுவினேன். எண்ணெய் மிச்சமிருந்தால் தெருப் புழுதியெல்லாம் அதில்தான் ஒட்டும்.

“போயிடுச்சு!” என்றார் அவர். “இருங்க, காயட்டும்” என்றேன். எண்ணெய் இருக்கும்போதும் கறுப்பாத்தானே தெரியும்? காய்ந்த பிறகு இரண்டு மூலையில் வெள்ளை மிச்சம் இருந்தது. மறுபடி எண்ணெய், மறுபடி சோப்பு. சனிக்கிழமை முழுக்க வெயிலில் நின்றது வண்டி. சாயங்காலம் பார்த்தால் கறுப்பு கறுப்பாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அதே மெக்கானிக் குனிந்து பார்த்தார், விரலால் தடவிப் பார்த்தார். “பாலிஷ்தானா?” என்றார். முதலில் பேசிய விலையே வந்தது. (கைதட்டல்)

இப்போது வேறு வண்டி வந்துவிட்டது. பாலிஷ் போடும் முன் நிழலில் நிறுத்தி, கறுப்புப் பட்டைக்கெல்லாம் காகித டேப் ஒட்டுகிறார். ஒட்டிவிட்டு, “சரியா இருக்கா, வந்து பாரு”ன்னு என்னைக் கூப்பிடுகிறார் ஐயா! (பலத்த சிரிப்பு)