திடல் மேடைக்கு நிலையான மின் இணைப்பு
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பள்ளிவாசல் வளாகத்துத் திடலில் உள்ள மேடைக்கு நிலையான, பாதுகாப்பான மின் இணைப்பு அமைப்பது பற்றிய தீர்மானம் தங்கள் முன் வைக்கப்பட்டுள்ளது. அதற்கான காரணங்களை விளக்குவதற்காகவே இச்சில வார்த்தைகள்.

பெருநாள் தொழுகை, மீலாது விழா, மதரஸா ஆண்டு விழா, நிக்காஹ், இஃப்தார் நிகழ்ச்சி என்று ஆண்டு முழுவதும் இம்மேடை பயன்பட்டு வருகிறது. மேடை சிமென்டால் கட்டப்பட்டு நிலையாக நிற்கிறது. மின்சாரம் மட்டும் ஒவ்வொரு முறையும் விருந்தாளியைப் போல வந்து போகிறது. இது வடசென்னை முழுவதும் காலங்காலமாக இருந்து வரும் வழக்கம். சாமியானா போடுபவரும் ஒலிபெருக்கிக்காரரும் பக்கத்துக் கட்டடத்தின் பிளக்கில் ஒயரின் நுனியைச் சொருகி, அது நழுவாதிருக்கத் தீக்குச்சி ஒன்றைச் செருகி வைப்பார்கள். ஒட்டுப் போட்ட இடங்களில் டேப் சுற்றி, அதன்மேல் ஜமுக்காளத்தை விரித்துவிடுவார்கள். அதன்மீதுதான் குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள்.

"இத்தனை ஆண்டுகளாக ஒன்றும் ஆகவில்லையே, ஓரிரு நாள் நிகழ்ச்சிக்கு இவ்வளவு செலவு எதற்கு?" என்று சில பெரியவர்கள் கேட்டனர். நியாயமான கேள்விதான். ஆனால், மற்ற ஊர்களில் நடந்தவற்றையும் நாம் பார்க்க வேண்டும்.

2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் போடப்பட்டிருந்த பந்தல் தீப்பற்றியது. வீடியோ எடுப்பதற்காக இழுக்கப்பட்டிருந்த ஒயரில் தோன்றிய பொறியே காரணம் என்று கூறப்பட்டது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில், அப்பர் சதய விழாத் தேரின் உச்சி உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் மாண்டனர். 2023 ஜூலை 29 அன்று ஜார்க்கண்ட் மாநிலம் பொகாரோ மாவட்டத்தில் முஹர்ரம் ஊர்வலத்தில் தூக்கிச் சென்ற தாஜியா 11,000 வோல்ட் கம்பியைத் தொட்டதில் நால்வர் இறந்தனர். 2025 மார்ச் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் இனயம் புத்தன்துறையில் தேவாலயத் திருவிழாவுக்காக இரும்பு ஏணியை நகர்த்தியபோது அது மின்கம்பியில் பட்டு, அங்கும் நான்கு உயிர்கள் போயின. கோயில், தர்கா, தேவாலயம், கல்யாண வீடு என்ற வேறுபாடு மின்சாரத்துக்கு இல்லை. இந்த நான்கு இடங்களிலும் கூடியிருந்தவர்கள் நிகழ்ச்சிக்காக வந்தவர்கள். அந்த நாளுக்கென்று அவசரமாக நிறுத்தப்பட்ட ஒரு பொருளோ, இழுக்கப்பட்ட ஓர் ஒயரோதான் எல்லா இடங்களிலும் எமனாக வந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். நம் பத்திரிகைகள் எல்லா விபத்துக்கும் 'மின்கசிவு' என்ற ஒரே சொல்லைப் போட்டுவிடுகின்றன. உண்மையில் இரண்டு வேறு ஆபத்துகள் உள்ளன. இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று உரசிப் பொறி பறப்பது ஒன்று. இதை ஷார்ட் சர்க்யூட் என்கிறோம். பியூஸும் எம்.சி.பி. எனப்படும் சுவிட்சும் இதற்காகவே உள்ளன. அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் பாய்ந்தால் அவை துண்டித்துவிடும். இரண்டாவதுதான் உண்மையான கசிவு. ஒயரின் மேலுறை கிழிந்து, மின்சாரம் இரும்புத் தூணிலோ ஈரத் தரையிலோ இறங்கி, அதைத் தொட்டவரின் உடல் வழியாகப் பூமிக்குப் போவது.

இந்த இரண்டாவது ஆபத்தில் பியூஸ் நம்மைக் காப்பாற்றாது. "மெயினில் எம்.சி.பி. இருக்கிறதே" என்று நிம்மதியாக இருப்போர் பலர் என்பதால் கணக்கையே சொல்லிவிடுகிறோம். பழைய 40 வாட் குண்டு பல்பு எரிவதற்குச் சுமார் 170 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். அதைவிடக் குறைந்த மின்னோட்டம் நெஞ்சின் வழியே பாய்ந்தாலே ஒரு மனிதனின் இதயத் துடிப்பு நின்றுவிடக்கூடும். ஒளூச் செய்துவிட்டு ஈரக் காலுடன் வருபவர் உடலில் 230 வோல்ட் பட்டால் 200 மில்லி ஆம்பியருக்கு மேலும் பாயலாம். 16 ஆம்பியர் எம்.சி.பி. துண்டிக்க வேண்டுமானால் 16,000 மில்லி ஆம்பியரைத் தாண்ட வேண்டும். ஒருவர் துடித்துக் கொண்டிருக்கும்போது அது ஒன்றும் நடவாதது போல மின்சாரத்தை அனுப்பிக் கொண்டே இருக்கும்.

உயிரைக் காப்பது ஆர்.சி.டி. என்னும் கருவி. கடைகளில் ஆர்.சி.சி.பி. என்றும் கேட்டு வாங்கலாம். பேஸ் கம்பி வழியே போன மின்சாரம் முழுவதும் நியூட்ரல் வழியே திரும்பி வருகிறதா என்று அது ஓயாமல் கணக்குப் பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, இதயம் நிற்பதற்கு முன்பாகக் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். தற்காலிகமாக இழுக்கும் ஒயரில் இதை யாரும் பொருத்துவதில்லை. நிலையான இணைப்பு வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்கு இதுவே முதற்காரணம்.

இரண்டாவது காரணம் நாம் வாழும் இடம். பேசின் பிரிட்ஜ் மின் நிலையம் தொடங்கி, 1970-இல் உற்பத்தியைத் துவக்கி 2017-இல் மூடப்பட்ட எண்ணூர் அனல் மின் நிலையம், அத்திப்பட்டிலுள்ள வடசென்னை அனல் மின் நிலையம் வரை ஊருக்கெல்லாம் மின்சாரம் தந்த பூமி இது. சாம்பலையும் புகையையும் சுமந்த நம் பகுதிக்கு மின்சாரத்தைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தும் வசதி மட்டும் முழுமையாக வந்து சேரவில்லை என்பது வருத்தத்திற்குரியது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வீசும் உப்புக் காற்று இரும்பு போர்டை இரண்டொரு மழைக்காலத்தில் அரித்துவிடும். ஒயர் முனைகளில் பச்சை பூத்து, பிடிப்புத் தளர்ந்து, அங்கே சூடேறும். மழைநீரோ எளிதில் வடிவதில்லை. 2017 நவம்பர் 1 அன்று கொடுங்கையூரில், தேங்கிய மழைநீரில் மின்சாரம் பாய்ந்து இரண்டு சிறுமிகள் பலியானதை இன்றும் நம் தாய்மார்கள் சொல்லி அழுவதுண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்பதையும் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே திட்டம் இவ்வாறு அமைகிறது. பள்ளிவாசலின் தற்போதைய இணைப்பில் கூடுதல் மின்பளு கோரி மின்வாரியத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விளக்குகள், மின்விசிறிகள், ஒலிபெருக்கி, சமையற்கட்டின் கிரைண்டர் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மூன்று பேஸ் இணைப்பே ஏற்றது. மெயின் போர்டிலிருந்து மேடை வரை இரும்புக் கவசமிட்ட கேபிளை முக்கால் மீட்டர் ஆழத்தில் மணல் பரப்பிப் புதைத்து, மேலே செங்கல் அடுக்கி மூட வேண்டும். பின்னாளில் கொடிக்கம்பத்துக்குக் குழி தோண்டுபவரின் கடப்பாரை முதலில் செங்கல்லில் பட வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

மேடையின் பின்புறம் அமையும் போர்டு துருப்பிடிக்காத பைபர் பெட்டியாக, மிக்ஜாம் வெள்ளம் நின்ற அடையாளத்துக்கு ஒரு மீட்டர் மேலே இருத்தல் அவசியம். விளக்குகளுக்கு ஒன்று, ஒலிபெருக்கிக்கு ஒன்று, பெண்கள் பகுதிக்கு ஒன்று, சமையலுக்கு ஒன்று எனத் தனித்தனி ஆர்.சி.டி. பொருத்த வேண்டும். எங்கோ ஒரு சீரியல் செட்டில் கோளாறு என்றால் திடல் முழுவதும் இருளாகி, பெண்களும் பிள்ளைகளும் நெரிசலில் சிக்கிவிடக் கூடாது. பிளக்குகள் யாவும் தொழிற்சாலைகளில் உள்ள மூடியிட்ட வகையாக இருக்கும். தீக்குச்சி வைத்தியத்துக்கு அதில் இடமில்லை.

எர்த் விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக் கொள்கிறோம். நம் மண்ணின் உப்பில் இரும்புக் குழாய் விரைவில் அரிக்கப்படும் என்பதால் செம்புத் தகடு பதித்த இரண்டு தனிக் குழிகள் வேண்டும். மேடையின் இரும்புத் தூண்கள், பந்தல் சட்டங்கள் அனைத்தும் அந்த எர்த்துடன் இணைக்கப்பட வேண்டும். மைக்கைப் பிடித்தவுடன் உதட்டில் 'சுர்'ரென்று இழுப்பதைச் சொற்பொழிவாளர்கள் சிலர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அது சிரித்துவிட்டுப் போகும் விஷயமன்று. ஆம்ப்ளிபையருக்குச் சரியான எர்த் இல்லை என்பதற்கான எச்சரிக்கை அது.

ஜெனரேட்டர் பற்றியும் ஒரு வார்த்தை. கரண்ட் போனதும் ஜெனரேட்டர் ஒயரை அவசரமாக போர்டில் சொருகினால், அந்த மின்சாரம் மீட்டர் வழியாக வெளியேறித் தெருக் கம்பிக்கும் போகும். மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய மின்வாரியத் தொழிலாளி அங்கே சாவார். அவரும் ஒரு குடும்பத்தின் தலைவர்தான். இரண்டில் ஒன்று மட்டுமே இணையக்கூடிய சேஞ்ச் ஓவர் சுவிட்ச் திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. ஜெனரேட்டரின் நியூட்ரலையும் முறையாக எர்த்துடன் இணைக்காவிட்டால் ஆர்.சி.டி. வேலை செய்யாமல் போகலாம் என்பதால், இப்பணியை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். உறவினர், தெரிந்தவர் என்ற சலுகை இதில் வேண்டாம்.

தெருவில் செல்லும் மேல்நிலைக் கம்பிகளை நாம் மாற்ற இயலாது. ஆனால் 11,000 வோல்ட் கம்பிக்கும் கட்டடத்துக்கும் இடையே செங்குத்தாக 3.7 மீட்டரும் பக்கவாட்டில் 1.2 மீட்டரும் இடைவெளி வேண்டும் என்பது விதி. களிமேட்டில் சாலையின் மட்டம் உயர்த்தப்பட்டிருந்ததால் தேருக்கும் கம்பிக்கும் இடையிலிருந்த தூரம் குறைந்திருந்தது என்று பேசப்பட்டது. நம் தெருக்களிலும் சாலைமேல் சாலை போட்டுக்கொண்டே போகிறார்கள். ஆகவே அலங்கார வளைவு வைப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக அளந்து பார்த்தே வைக்க வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, விழாதோறும் தற்காலிக இணைப்பு பெற்றால் யூனிட்டுக்கு உயர்ந்த கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும். வழிபாட்டுத் தலங்களுக்கான வீதம் அதைவிடக் குறைவு. ஆயினும் திடலைத் திருமணங்களுக்கு வாடகைக்கு விடும்போது எந்த வீதம் பொருந்தும் என்பதை மின்வாரிய அலுவலகத்திலிருந்து எழுத்து மூலமாகப் பெற்ற பிறகே பணியைத் தொடங்குவது நல்லது. வாய்மொழி பதிலை நம்பிப் பின்னர் அபராதம் கட்டிய இடங்கள் உண்டு.

இறுதியாகச் சாவி. எத்தனை நல்ல போர்டாக இருந்தாலும், கூட்டத்தின் நடுவே மைக் நின்றுவிட்டால், "அந்தக் கருவியைக் கழற்றிவிட்டு நேராகக் கொடு" என்று சொல்பவர் ஒருவர் எழுந்து வருவார். அவர் செல்வாக்கு உள்ளவராகவும் இருப்பார்! ஆர்.சி.டி. துண்டித்தது என்றால் எங்கோ மின்சாரம் கசிகிறது என்று பொருள். அது எங்கே என்று கண்டறியும் வரை பயான் காத்திருக்கட்டும். ஆகவே போர்டின் சாவி மின்பணியில் ஐ.டி.ஐ. முடித்த நம் மஹல்லா இளைஞர்கள் இருவரிடம் மட்டுமே இருக்கும். அவர்களைத் தவிர, நிர்வாகிகள் உட்பட எவரும் திறக்கக் கூடாது என்பதையும் தீர்மானத்தில் எழுதியிருக்கிறோம். மாதம் ஒருமுறை ஆர்.சி.டி.யின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பதும், ரமலானுக்கு முன்பும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் எர்த் அளவைப் பதிவேட்டில் குறிப்பதும் அவர்கள் பொறுப்பு.

வரைபடமும் மதிப்பீடும் பள்ளிவாசல் அலுவலகத்தில் வைக்கப்பட்டுள்ளன. துறைமுகத்திலும் மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளிலும் மின்பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த ஜும்ஆவுக்குள் அவர்கள் அவற்றைப் பார்வையிட்டு, திருத்தங்களை எழுத்தில் தந்துதவுமாறு வேண்டுகிறோம். அதன் பின்னரே விலைப்புள்ளிகள் கோரப்படும்.

வஸ்ஸலாம்.