மூஞ்சூறு எலி இல்லைங்க

ராத்திரி சுவரோரமா 'கீச் கீச்'னு சத்தம் போட்டுக்கிட்டு ஓடுற ஒருத்தரைப் பத்தித்தான் இன்னைக்குப் பேச்சு. மூஞ்சூறு.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல தறி இருக்கிற ஒரு வீட்டை நினைச்சுக்குங்க. தறியில பட்டுப் பாவு ஏறி நிக்குது. அந்த அறையில ஏதாவது ஓடினா, நூலைக் கடிச்சிடுமோன்னு உடனே பசை அட்டை வைப்போம். பயம் நியாயம்தான். ஆனா மாட்டுறது யாருன்னு பார்க்கணும்.

எலிக்கு முன்பல் வாழ்நாள் முழுக்க வளரும். அதனால எதையாவது கொறிச்சுத் தேய்ச்சுக்கிட்டே இருக்கும். மூஞ்சூறுக்கு அப்படி வளராது. அதோட கூர்ப்பல் எல்லாம் கரப்பான், புழு, பூச்சியை நொறுக்கத்தான். உறவுமுறையில அது எலியை விட முள்ளம் வச்ச முள்ளெலிக்குத்தான் நெருக்கம். 1766-ல லின்னேயஸ் வச்ச பேர்லயே குழப்பம் இருக்கு: 'மியூரினஸ்'னா 'எலி மாதிரி'ன்னு அர்த்தம்!

இன்னொரு வித்தியாசம். எலியால வாந்தி எடுக்க முடியாது, மூஞ்சூறால முடியும். அதனாலதான் வாந்தியைத் தடுக்கிற மருந்து ஆராய்ச்சிக்கு இதைப் பயன்படுத்துறாங்க.

இதுக்கு ஒரு குட்டிச் சொந்தக்காரர் இருக்கார், எட்ரஸ்கன் மூஞ்சூறு. மத்தியதரைக் கடல் பக்கத்துல இருந்து தெற்காசியா வரைக்கும் உண்டு. எடை சுமார் 2 கிராம். எடையில உலகத்துலேயே சின்னப் பாலூட்டி அதுதான். இதயம் நிமிஷத்துக்கு 1,500 தடவை வரைக்கும் துடிக்கும். உடம்பு சின்னதா இருந்தா சூடு சீக்கிரம் வெளியே போயிடும். அதை ஈடுகட்டத் தின்னுக்கிட்டே இருக்கணும். நம்ம வீட்டு மூஞ்சூறு அதை விடப் பல மடங்கு பெருசு, ஆனாலும் பசி தாங்காது. ராத்திரி முழுக்கக் கரப்பான் வேட்டை அதனாலதான்.

குட்டிங்க தாயோட பின்பக்கத்தைக் கவ்வி, ஒண்ணு பின்னாடி ஒண்ணா ரயில் மாதிரி போகும். பசை அட்டையில தாய் மாட்டினா, போறது ஒரு உயிர் மட்டும் இல்லை.

அடையாளம் சுலபம். வாயைத் தாண்டி நீளுற கூர்மூக்கு, கடுகு மாதிரி கண்ணு, மூக்கைத் துளைக்கிற வாடை. வெறுங்கையால பிடிக்காதீங்க, கடிக்கும். வீட்டுக்குள்ள வேண்டாம்னா கூண்டு வைங்க, அடிக்கடி பார்த்து வெளியே விட்டுடுங்க.

பிள்ளையாருக்கு வாகனம்னு கும்பிடுறோம். வீட்டுல பார்த்தா எலின்னு அடிக்கிறோம். கும்பிடக்கூட வேண்டாம், அடிக்கறதுக்கு முன்னாடி மூக்கை ஒரு தடவை பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!