கோயில் பாம்பும் கணக்கில் வரட்டும்



இந்த மாநாட்டின் தலைமையுரைக்கு என்னை அழைத்தபோது மகிழ்ச்சியைவிடக் கலக்கமே முந்தியது. எனக்கு முன் இந்த இருக்கையில் அமர்ந்தவர்கள் துறை முழுவதையும் அளந்து பேசியவர்கள். நான் ஓரளவு உறுதியாகப் பேசக்கூடியது ஒரே ஒரு பாம்பைப் பற்றித்தான். நல்லவேளையாக, அந்தப் பாம்பின் ஊரான பினாங்கிலேயே கூடியிருக்கிறோம்.

மாநாட்டுப் பொருள் ‘காட்டு ஊர்வன: சூழலியலும் பாதுகாப்பும்’. மகிழ வேண்டிய செய்திகள் பல உண்டு. 2021இல் கொடிமலைப் பகுதியின் 12,481 ஹெக்டேரை யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. 1827இல் கிரே பெயரிட்ட வளைவிரல் பல்லி, மலாய்த் தீபகற்பம் முழுவதும் பரவிய ஒரே இனம் என்று நெடுங்காலம் எண்ணினோம். 2012இல் கிரிஸ்மர் குழுவினர் அந்தக் கூட்டத்திலிருந்து ஏழு புதிய இனங்களைப் பிரித்தபின், பழைய பெயர் இந்தத் தீவுப் பல்லிக்கே உரியதாயிற்று. 2024இல் ராஜநாகமும் நான்கு இனமாயிற்று. இவற்றைப் பற்றிய கட்டுரைகள் பிற்பகல் அமர்வுகளில் வருகின்றன. கட்டுரையாளர்களின் நேரத்தை நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

என் மனத்தாங்கல் வேறு. கையில் விளக்கு எடுத்த ஆய்வாளர் எல்லாரும் மலையேறிவிட்டார்கள். அடிவாரத்தில் யாருமில்லை. அடிவாரச் சமவெளியிலுள்ள பாயான் லெப்பாஸில் 1972இல் தடையற்ற வர்த்தக மண்டலம் வந்தது. தோப்பும் புதரும் ஆலைகளாகவும் அடுக்குமாடிகளாகவும் மாறின. அதற்கு முன் இந்தச் சமவெளியில் எந்தப் பாம்பு எவ்வளவு இருந்தது? கேட்டால் 1847ஆம் ஆண்டை நோக்கிக் கை காட்டுகிறோம். கிழக்கிந்தியக் கம்பெனியின் டென்மார்க் மருத்துவர் தியோடர் கேன்டர் அந்த ஆண்டு வெளியிட்ட மலாயா ஊர்வனப் பட்டியல் அருமையானதுதான். ஆனால் எது எங்கே கிடைத்தது என்று சொல்லும் பட்டியல், எவ்வளவு இருந்தது என்ற கேள்விக்கு விடையாகாது.

இந்தக் கேள்விக்கு ஓரளவேனும் பதில் வைத்திருப்பது அதே பாயான் லெப்பாஸ் பகுதியின் சுங்கை குளுவாங் பாம்புக் கோயில். சோர் சூ கோங் துறவிக்கு எழுப்பிய அந்தச் சீனக் கோயிலின் பீடத்திலும் கிளைகளிலும் வாக்லர் குழிவிரியன் சுருண்டு கிடக்கும் காட்சியை நீங்கள் அறிவீர்கள். சென்ற நூற்றாண்டின் படத் தபால் அட்டைகளிலும் அதே காட்சி உண்டு. அஞ்சல் முத்திரை விழுந்த அட்டை என்றால், படம் அந்த நாளுக்கு முந்தியது என்பது உறுதி. பாம்புகளை எண்ணலாம். கருப்பில் மஞ்சள் பட்டை தடித்துத் தெரிந்தால் வளர்ந்த பெண். ஒல்லியாக, பச்சை உடலில் சிவப்பும் வெள்ளையும் சேர்ந்த புள்ளிகளோடு இருந்தால் ஆணாகவும் இருக்கலாம், குட்டியாகவும் இருக்கலாம். பெண்ணும் பிறக்கும்போது பச்சைதான். கருப்பு வெள்ளைப் படத்தில் பெண்ணை அடையாளம் காண்பது எளிது, மற்றவை கடினம். ஆகவே பழைய படங்களில் நாம் எண்ணுவது பெரும்பாலும் பெண் பாம்புகளை. குறையைத் தெரிந்துகொண்டு பயன்படுத்தினால் இதுவும் தரவுதான்.

பல ஆண்டுகளுக்கு முன் இப்படி எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். கோயில் சுற்றுலாத் தலம், அங்கே அறிவியல் இல்லை என்று மதிப்பீட்டாளர் ஒருவர் சொல்ல, திருப்பி அனுப்பினார்கள். அந்த மதிப்பீட்டாளர் இந்த அரங்கில் இருந்தால், தேநீர் இடைவேளையில் சந்திக்க ஆவலாக இருக்கிறேன். ஊதுபத்திப் புகையில் மயங்கிக் கிடக்கும் பாம்புகள் இயற்கையானவை அல்ல என்பது அவர் சொன்ன முதல் காரணம். புகையே எட்டாத காட்டிலும் இந்தக் குழிவிரியன் நாள்கணக்கில் ஒரே கிளையில் அசையாமல் இருக்கும். இரை வரும்வரை காத்திருப்பதுதான் அதன் வேட்டை. பகலில் சுற்றுலாப் பயணி பார்ப்பது மயக்கத்தை அல்ல, பாம்பின் வேலைநேரம் தொடங்காததை.

போர்னியோப் பாம்பு பற்றிய ஒரு சான்றையே இரண்டாவது காரணமாகக் காட்டினார். அதற்கும் மரியாதையோடு பதில் உண்டு. 2007இல் ஃபோகல் குழுவினர் வாக்லர் குழிவிரியன் கூட்டத்தைத் திருத்தியமைத்தபின், போர்னியோவில் வாழ்வது வேறு இனம். பழைய கட்டுரைகளில் ‘வாக்லெரி’ என்ற இனப்பெயரில் இருப்பதையெல்லாம் பினாங்குப் பாம்பின் தலையில் கட்ட முடியாது.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். படம் எடுப்பவர் பாம்புகளை ஓரிடத்தில் சேர்த்து வைத்திருக்கலாம். கோயிலாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டிருக்கலாம். எது தானாக வந்தது, எது கொண்டுவரப்பட்டது என்பதைக் கோயிலில் பணியாற்றிய முதியவர்களிடம்தான் கேட்க வேண்டும். நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? பாம்பு பிடிப்பதில் தேர்ந்த செங்கல்பட்டு வட்டார இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் ஃபுளோரிடாவுக்குப் போய், அங்குள்ள நிபுணர்கள் தேடித் திணறிய பர்மிய மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்களைக் கைதட்டிப் பாராட்டும் நாம், இங்கே பீடம் துடைக்கும் பெரியவர் சொல்வதைக் கதை என்று தள்ளுகிறோம். இது என்ன நியாயம்?

கோயிலில் பாம்புகள் குறைந்துவிட்டன என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எப்போதிலிருந்து குறையத் தொடங்கின என்பதே கேள்வி. 1972க்கு முன்பே குறைந்திருந்தால் ஆலைகள்மேல் மட்டும் பழி போட முடியாது. தோப்புகள் எப்போது அழிந்தன என்று தேட வேண்டும். 1972க்குப் பின்னர் என்றால், சுங்கை ஆரா, ரெலாவ் பக்கம் எஞ்சியிருக்கும் தோப்புகளுக்காகத் திட்டமிடல் அதிகாரிகளிடம் வாதாட நமக்கு ஓர் ஆதாரம் கிடைக்கும். காப்பகத்துக்கு எல்லை உண்டு, பாம்புக்கு இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். பினாங்குத் தமிழ்க் குடும்பங்கள் ஊரிலிருந்து உறவினர் வந்தால் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கும் பாம்புக் கோயிலுக்கும் கூட்டிப்போய்ப் படம் எடுக்காமல் விட்டதில்லை. வீட்டு ஆல்பத்தில் அப்படியொரு படம் இருந்து, பின்புறம் தேதியும் எழுதியிருந்தால், நகலெடுத்து வரவேற்பு மேசையில் கொடுங்கள். மாமா, அத்தை முகம் மங்கியிருந்தாலும் பரவாயில்லை; பின்னாலிருக்கும் கிளை தெரிந்தால் போதும்.