வாக்குக் கற்றவர்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

காலையில் டிபன் சாப்பிடும்போது பழைய நண்பன் ஒருவன் கேட்டான்: "ஹாஸ்டல் டேயில பியானோ வாசிப்பியே, இப்ப என்னடா பண்றே?" "பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்" என்றேன். "அப்ப கச்சேரி எல்லாம் கிடையாதா? வெறும் வாத்தியார்தானா?" என்றான். அவன் கள்ளமில்லாமல்தான் கேட்டான். ஆனால் மணிக்கட்டு வலியால் மேடையை விட்டு இறங்கிய நான், பல வருஷமாக என்னையே கேட்டுக்கொண்ட கேள்வி அது. அதற்கு வாழ்ந்தே பதில் சொன்ன ஒருவரைப் பற்றி இன்று பேசுகிறேன். அவர் பெயர் லியான் ஃப்ளைஷர்.

1928இல் அமெரிக்காவில், சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தவர். ஒன்பது வயதில் மாமேதை ஆர்தர் ஷ்னாபெலிடம் மாணவராகச் சேர்ந்தார். சின்னப் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை என்ற வழக்கத்தை ஷ்னாபெல் இவருக்காகத் தளர்த்தினார். நாம் குரு பரம்பரை என்று சொல்வோமே, அது அவர்களுக்கும் உண்டு. ஷ்னாபெலின் குரு லெஷெடிட்ஸ்கி. அவருடைய குரு செர்னி. செர்னியின் குருவோ சாட்சாத் பீத்தோவன்!

16 வயதில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு வாசித்தார். 1952இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் ராணி எலிசபெத் போட்டியில் முதல் பரிசு. ஜார்ஜ் ஸெல் நடத்திய கிளீவ்லாந்து இசைக்குழுவோடு அவர் பதிவு செய்த பீத்தோவன், பிராம்ஸ் கான்செர்ட்டோக்களை இன்றைக்கும் கேட்டு வியக்கிறோம்.

1964 வாக்கில்தான் இடி விழுந்தது. வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் தாமாகவே உள்ளங்கைப் பக்கம் சுருண்டுகொண்டன. சாதகம் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கூடுதலாகச் சாதகம் செய்தார். நிலைமை மோசமானது. 1965இல் கிளீவ்லாந்து இசைக்குழுவோடு சோவியத் நாட்டுக்குப் போக இருந்த பயணம் அவருக்கு இல்லாமல் போயிற்று. நோய்க்கு இன்ன பெயர் என்று அன்று சொல்ல ஆளில்லை. ஃபோகல் டிஸ்டோனியா என்பது பின்னால் தெரிந்தது. தசையில் பலம் குறைவதல்ல இது; மூளையிலிருந்து போகும் கட்டளை தடம் மாறிப்போவது. உயிரை விட்டுவிடலாமா என்றுகூட அந்த நாட்களில் நினைத்ததாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

அவரைத் தாங்கிப் பிடித்தவற்றில் முக்கியமானது வாத்தியார் வேலை. 1959 முதலே பால்டிமோர் நகரின் பீபாடி இசைக் கல்லூரியில் அவர் ஆசிரியர். கை நன்றாக இருந்தவரை கற்பிப்பது சுலபம். மாணவரை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு, "இதோ பார், இப்படி" என்று வாசித்துக் காட்டினால் போதும். இப்போது அது முடியாது. இந்தச் சுரம் ஏன் மெல்ல வரவேண்டும், இந்த வரி எங்கே போய்ச் சேருகிறது என்று வாயால் சொல்லியாக வேண்டும். சொல்லத் தேடித் தேடித்தான் தமக்கே இசை இன்னும் ஆழமாக விளங்கியது என்றார்.

"போக்கத்தவனுக்குப் போலீஸ் வேலை, வாக்கத்தவனுக்கு வாத்தியார் வேலை" என்று நம் ஊரில் கேலி பேசுவார்கள். அது "வாக்குக் கற்றவனுக்கு" என்று இருக்க வேண்டும் என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. எது மூலமோ, ஃப்ளைஷருக்குப் பொருந்துவது இரண்டாவதுதான். கை போனபிறகு வாக்குக் கற்றார்!

ஷ்னாபெல் வழியிலேயே, ஒருவருக்குப் பாடம் நடக்கும்போது மற்ற மாணவர்களையும் உட்கார்ந்து கேட்கச் செய்தார். விரல் தொடுமுன் சுரத்தை மனசுக்குள் கேட்டுவிட வேண்டும் என்பது அவர் பாடம். ஆந்த்ரே வாட்ஸ், யெஃபிம் பிரான்ஃப்மன், ஜானதன் பிஸ் எல்லாம் அவரிடம் பயின்றவர்கள்.

மேடையையும் அவர் அடியோடு விட்டுவிடவில்லை. இசைக்குழுக்களை நடத்தினார். இடது கைக்கு மட்டுமான படைப்புகளை வாசித்தார். முதல் உலகப்போரில் வலக்கையை இழந்த பால் விட்கென்ஸ்டைனுக்காக ரவெல் எழுதிய கான்செர்ட்டோ அவற்றில் தலையாயது. பல வைத்தியங்களுக்குப் பிறகு, 1990களில் போடாக்ஸ் ஊசி தசை இறுக்கத்தைத் தளர்த்தியது. பூரண குணம் இல்லை; ஊசியின் பலன் தீர்ந்தால் மறுபடி போடவேண்டும். ஆனாலும் இரு கைகளால் மேடையேறினார். 2004இல் வந்த அவருடைய இசைத்தட்டின் பெயரே 'இரண்டு கைகள்'!

கை ஓரளவு திரும்பியபிறகு வகுப்பறையை விட்டாரா? இல்லை. 2020 ஆகஸ்ட் 2ஆம் தேதி, 92 வயதில் மறையும்வரை அவர் ஆசிரியர்தான். வேறு வழியில்லாமல் பிடித்துக்கொண்ட வேலையாக இருந்திருந்தால், வழி திறந்ததும் விட்டிருப்பார் அல்லவா?

மாணவச் செல்வங்களே, வலியோடு சாதகம் செய்யாதீர்கள். வலி என்பது உடம்பு சொல்லும் பாடம், அதைக் கேளுங்கள். நான் கேட்கத் தவறியவன்.

டிபன் மேஜை நண்பா, காலையில் நான் பதில் சொல்லாமல் சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது சொல்கிறேன். ஆமாம்டா, நான் வாத்தியார்தான். அந்த 'வெறும்' மட்டும் வேண்டாம்.