நண்பனோட நண்பனையும் லிங்க் பண்ணணுமா?

உங்க புரோகிராம் ஜிடிகே 2 லைப்ரரியைக் கூப்பிடுதுன்னு வைங்க. பிஎன்ஜி படத்தைத் திறக்க, ஜிடிகேவுக்கு அடியில லிப்பிஎன்ஜி இருக்கு. உங்க கோடு அதைத் தொடவே இல்லை. லினக்ஸ்ல அதைத் தேடி ஏத்துறது டைனமிக் லோடரோட வேலை.

ஆனா லிப்டூல், பழைய யூனிக்ஸ், ஸ்டாட்டிக் லிங்க்கிங் எல்லாத்துக்கும் சேர்த்து எழுதப்பட்ட கருவி. எல்ஏ கோப்புல இருக்கிற மொத்தப் பட்டியலையும் எடுத்து, லிப்பிஎன்ஜியையும் உங்க புரோகிராமோட நேரடித் தேவையா பதிஞ்சிடும்.

பதிஞ்சா என்ன? லிப்பிஎன்ஜி 1.2 போய் 1.6 வந்தப்போ, லைப்ரரி கோப்போட பேரே மாறுச்சு. அதைத் தொடாத புரோகிராம்களையும் திரும்ப பில்ட் பண்ண வேண்டியதாச்சு. பண்ணாம விட்டா, ஒரே பிராசஸ்ல ரெண்டு பதிப்பும் ஏறி கிராஷ் ஆகலாம்.

அதனாலதான் டெபியன் தன்னோட லிப்டூலைத் திருத்தி வெச்சிருக்கு. உபுண்டுவுல 11.10-லிருந்து, பயன்படாத லைப்ரரியை லிங்கரே விட்டுடும். நீங்க லைப்ரரி எழுதுறவங்கன்னா, உள்ளுக்குள்ள மட்டும் பயன்படுறதை பிகேஜி-கான்ஃபிக் கோப்புல 'ரிக்வயர்ஸ் டாட் பிரைவேட்' வரியில போடுங்க. ஸ்டாட்டிக் லிங்க் கேட்டா மட்டும் அது சேரும்.

இதுக்கு மறுபக்கமும் உண்டு. நீங்களே பிஎன்ஜி ஃபங்ஷனைக் கூப்பிட்டா, ஜிடிகே கூட்டிட்டு வரும்னு நம்பாதீங்க. நேரா கூப்பிடுறதை நீங்களே சொல்லுங்க. மத்ததை அந்தந்த லைப்ரரி பார்த்துக்கட்டும்.