ஓடாத விளக்கும் ஓயாத ஆடலும்

 

வீதியில் கட்டியுள்ள மின்விளக்குத் தோரணத்தைப் பாருங்கள். விளக்குகள் ஒன்றையொன்று துரத்தி ஓடுவனபோலத் தோன்றுகின்றன. உண்மையில் ஒரு விளக்கும் இடம் பெயரவில்லை. ஒன்று அணைய, அடுத்தது எரிகின்றது, அவ்வளவே. ஓட்டம் விளக்கில் இல்லை, காண்பவனது காட்சியில் உளது. இத்தகைய தோற்ற அசைவை மாக்ஸ் வெர்தைமர் என்னும் அறிஞர் செர்மனியிலே ஆராய்ந்து 1912ஆம் ஆண்டில் வெளியிட்டார். நொடிக்கு 24 அசையாப் படங்களைக் காட்டத் திரையிலே மனிதர் ஓடுவதும் இவ்வகையினதே.

நம் ஆசிரியர்கள் இதனை அறியாதவர் அல்லர். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அளவைகளை விளக்குமிடத்து, ஐயக்காட்சி, திரிபுக்காட்சி என்னும் குற்றங்களைப் பிரித்துக் காட்டினார். தறியோ மகனோ எனத் தடுமாறுவது ஐயம். கயிற்றைப் பாம்பு என்றே துணிவது திரிபு. ஓடாத விளக்கை ஓடுவதாகக் கொள்வதும் திரிபேயாம்.

இராமநாதபுரம் புகைவண்டி நிலையத்தில் நாம் ஏறிய வண்டி நின்றுகொண்டிருக்கின்றது. பக்கத்து வண்டி மெல்ல நகர்கின்றது. நம் வண்டியே புறப்பட்டதென்று மகிழ்கின்றோம். ஐயம் தீர்வது எப்போது? மறுபக்கம் திரும்பி, நடைமேடைத் தூணைக் காணும்போது. நிலைத்த பொருள் ஒன்று கண்ணில் பட்டவுடன் எது ஓடுகின்றது, எது நிற்கின்றது என்பது விளங்கிவிடுகின்றது.

அந்த நிலைத்த பொருள் இல்லையாயின் என் செய்வது? காரிருளில் தனித்த ஓர் ஒளியை உற்றுநோக்கினால், அது அசையாதிருப்பினும் அலைவதாகத் தோன்றும். அம்போல்ட் என்னும் அறிஞர் 1799ஆம் ஆண்டில் விண்மீன் ஒன்று இவ்வாறு ஊசலாடக் கண்டார். அசைந்தது விண்மீன் அன்று.

இனி ஒன்று. அசைவது எதுவோ அதன்பால் கருத்து விரைந்து செல்லும். புல்லில் பாம்பு அசைந்தால் உயிர் பிழைப்பதற்கு இவ்வியல்பு வேண்டும். ஆயின் தோற்ற அசைவும் கருத்தை ஈர்க்க வல்லது. கண் முன்னே திரும்பிவிடுகின்றது. அறிவு பின்னே வந்து ஆராய்கின்றது. ஆதலால், பர்வதவர்த்தினி அம்பிகை எழுந்தருளி வரும்போது, ஓடாத விளக்கைப் பார்த்துக்கொண்டே நின்று திருமேனியைக் காணாது விடுவாரும் உளர். இன்னும் எத்தனை திருவிழாக்கள் நமக்கு எஞ்சியுள்ளன என்பதை யார் அறிவார்?

இதற்கு மறுதலையும் உண்டு. இங்கே அமைதியாக அமர்ந்திருக்கின்றோம். நம்மைத் தாங்கும் நிலமோ பூமியின் சுழற்சியால் மணிக்கு ஏறத்தாழ 1,650 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருக்கின்றது. மெய்யான அவ்வோட்டம் நமக்குப் புலனாவதில்லை. திருவுத்தரகோசமங்கையிலே மரகத நடராசப் பெருமான் ஆண்டு முழுதும் சந்தனக் காப்புக்குள் மறைந்திருந்து, மார்கழித் திருவாதிரையை ஒட்டிக் காப்புக் களைந்து காட்சி தருகின்றார். கண்ணுக்கு அது அசையாத மரகதம். அருள்நோக்கு உடையார்க்கோ ஐந்தொழிலும் ஓயாது நிகழ்த்தும் திருக்கூத்து.

கண்ணைப் பழித்தல் வேண்டா. விளக்கில்லாமல் கண் காணாது. உயிரின் அறிவு இல்லாமலும் கண் காணாது. அவ்வுயிரும் இறைவன் காட்டியே காணும் என்பது நம் சித்தாந்தம். புகழும் பொருளும் ஓடும் விளக்குகள்போல நம்மை இழுக்கும். அப்போதெல்லாம் நடைமேடைத் தூணை நாடியதுபோல, நிலைத்த பொருளாகிய இராமநாதனை நாடுங்கள். நிற்பது எது, ஓடுவது எது என்பதை அவனே காட்டுவான்.

திருச்சிற்றம்பலம்.